'டக்' சத்தம் கேட்டதா, கேட்கவில்லையா?

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "ஓடாத பேட்டரி காருக்கு முதலில் பர்ஸைத் திறக்காதீர்கள், சீட்டைத் தூக்கிப் பாருங்கள்" என்று. அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் ஊரில் பாதி பேட்டரி கார் நின்றுதான் கிடக்கிறது போல. கோல்ஃப் கார்ட் என்று கம்பெனிக்காரர்கள் சொல்வதும், ரயில்வே பிளாட்பாரத்திலும் கோயில் வாசலிலும் நாம் பேட்டரி கார் என்று ஏறி உட்காருவதும் ஒரே குடும்பம்தான். உள்ளே இருக்கும் சாமானும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் எல்லாக் கேள்விகளுக்கும் இங்கேயே பதில்.

கேள்வி: சார், எங்கள் ரிசார்ட்டில் ஆறு பேர் உட்காரும் 48 வோல்ட் வண்டி இருக்கிறது. நேற்று ராத்திரி வரை நன்றாக ஓடியது. இன்று காலையில் சாவி போட்டால் லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, பெடலை மிதித்தால் மட்டும் அசையவே இல்லை. வந்து பார்த்தவர் கன்ட்ரோலர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றிவிடலாமா?
— வாசகர், கொடைக்கானல்

மாற்றாதீர்கள். அவர் மீட்டர் வைத்துப் பார்த்துச் சொன்னாரா, முகத்தைப் பார்த்துச் சொன்னாரா என்று நீங்கள் எழுதவில்லை. கன்ட்ரோலர் என்பது பெடலை மிதிக்கிற அளவுக்கு ஏற்ப பேட்டரி கரன்டை மோட்டாருக்கு விடுகிற பெட்டி, வண்டியில் விலை கூடின சாமான்களில் ஒன்று. எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு கடைசியாகத்தான் அதன் மேல் பழி போட வேண்டும்.

லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, அதனால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் இதுதான். லைட்டுக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட்டில் சில ஆம்பியர் போதும், செத்துக்கொண்டிருக்கிற பேட்டரிகூட அதைக் கொடுத்துவிடும். ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் கிளம்ப நூறு, இருநூறு ஆம்பியர் வரை இழுக்கும். குடம் நிரம்ப சொட்டுச் சொட்டாக விடுகிற குழாய், தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் விடுமா?

சரி, முதலில் வெட்கப்பட வைக்கிற விஷயங்களை முடித்துவிடுவோம். சார்ஜர் ஒயர் இன்னும் சொருகியே இருக்கிறதா? பல வண்டிகளில் சார்ஜர் சொருகியிருந்தால் வண்டி நகராதபடி அமைப்பு உண்டு. முன்னே பின்னே போகிற ஸ்விட்ச் நடுவில் நியூட்ரலில் நிற்கிறதா? ஹேண்ட் பிரேக்? சீட்டுக்கு அடியில் 'டோ - ரன்' என்று ஒரு சின்ன ஸ்விட்ச் சில மாடல்களில் இருக்கும், வண்டியை இழுத்துப் போகும்போது டோவில் வைப்பார்கள், யாராவது கூட்டித் துடைக்கும்போது தட்டிவிட்டிருக்கலாம். இன்னொன்று, பெடலில் காலை வைத்துக்கொண்டே சாவியைத் திருப்பினால் நிறைய கன்ட்ரோலர் பாதுகாப்புக்காக வண்டியை நகரவிடாது. காலை எடுத்து, சாவியை அணைத்து, மறுபடி போட்டு, அப்புறம் மிதியுங்கள். சிரிக்காதீர்கள், இந்த ஒரு காரணத்துக்காக நானே முப்பது கிலோமீட்டர் போய் வந்திருக்கிறேன், போய் இறங்கிய ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது, காசு கேட்கக் கூச்சமாக இருந்தது, காபி குடித்துவிட்டு வந்தேன்.

இதெல்லாம் சரியாக இருந்தும் அசையவில்லை என்றால், ரேடியோவையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, ஒருவரை பெடலை மிதிக்கச் சொல்லி நீங்கள் சீட்டுப் பக்கம் காதை வையுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். சில வண்டியில் பெடலை மிதிக்கும்போது கேட்கும், சிலதில் சாவியைத் திருப்பும்போதே கேட்டுவிடும். அது சொலினாய்டு, நம் ஆட்கள் காண்டாக்டர் என்றும் சொல்வார்கள். நாலு போல்ட் உள்ள கறுப்பு டப்பா, இரண்டு பெரிய போல்ட், இரண்டு சின்னது. சின்ன போல்ட்டுக்குக் கரன்ட் வந்தால் உள்ளே காந்தம் இழுத்து, பெரிய போல்ட் இரண்டையும் செம்புத் தகட்டால் சேர்த்துவிடும். அந்தச் சேர்க்கைதான் 'டக்'. இந்த ஒரு சத்தத்தை வைத்தே கோளாறை இரண்டாகப் பிரித்துவிடலாம். சத்தம் வரவில்லை என்றால் கோளாறு சொலினாய்டுக்கு முன்னால், அல்லது சொலினாய்டிலேயே. வந்தும் நகரவில்லை என்றால் அதன் பெரிய போல்ட்டிலிருந்து சக்கரம் வரை எங்கேயோ.

கையில் எடுப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. மோதிரம், வளையல், செயின் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள், ஸ்பேனர் இரண்டு முனையில் ஒரு சேரப் பட்டால் வெல்டிங் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பின் சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு மேல் நிற்க வையுங்கள். பழுது பார்க்கும்போது ஒயர் சரியாகப் பட்டதும் வண்டி பாய்ந்துவிடும். ஒருமுறை என் வீட்டு வாசலிலேயே பாய்ந்து துளசி மாடத்தில் ஒரு ஓரத்தைப் பெயர்த்தது, வீட்டில் இன்று வரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இப்போது மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து மொத்த பேட்டரியையும் அளந்து பாருங்கள். ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறி, ஒரு சில மணி நேரம் சும்மா நின்ற 48 வோல்ட் ஈய பேட்டரி செட் 51-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 48.4 என்றால் பாதிதான் இருக்கிறது. 47-க்குக் கீழே போயிருந்தால் கிட்டத்தட்ட காலி, கன்ட்ரோலர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்தியிருக்கலாம். அப்படியானால் ராத்திரி சார்ஜ் ஏறவே இல்லை, கேள்வி சார்ஜர் பக்கம் போகிறது, சொருகிய பிளக்கில் கரன்ட் வந்ததா என்பதில் தொடங்குங்கள்.

வோல்ட் சரியாக இருந்து, 'டக்' மட்டும் இல்லையா? பெடலை மிதித்த நிலையில் சொலினாய்டின் இரண்டு சின்ன போல்ட்டுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். உள்ளே காந்தமாகிற கம்பிச் சுருளுக்கு (காயில்) உரிய வோல்ட் (டப்பா மேலேயே எழுதியிருக்கும்) வந்தும் சத்தமில்லை என்றால் சொலினாய்டு செத்தது, மாற்றுங்கள், பெரிய செலவில்லை. வோல்ட்டே வரவில்லை என்றால் அதற்கு முன்னால் இருக்கிற சாவி ஸ்விட்ச், முன்-பின் ஸ்விட்ச், பெடலுக்கு அடியில் இருக்கிற மைக்ரோ ஸ்விட்ச், இவற்றில் ஒன்று. நான் பந்தயம் கட்டினால் மைக்ரோ ஸ்விட்ச் மேல்தான் கட்டுவேன். தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத அந்தச் சாமான் காலடியில், மண்ணும் ஈரமும் படுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கொடைக்கானல் பனிமூட்டத்தில் அதன் முனை பச்சை பூத்துப் போவதில் ஆச்சரியம் இல்லை. விரலால் அழுத்தினால் 'டிக்' என்று மெலிதாகக் கேட்க வேண்டும், மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கிற இடம்) வைத்தால் அழுத்தும்போது பீப் அடிக்க வேண்டும். அப்படியே ஒயரையும் கையால் தடவிக்கொண்டே போங்கள், எலி கடித்திருக்கும். ஒரு கல்யாண மண்டபத்து வண்டிக்கு என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒருவர் கன்ட்ரோலரை மாற்றியிருந்தார், அடுத்தவர் மோட்டாரைக் கழற்றியிருந்தார், கடைசியில் பார்த்தால் பெடலிலிருந்து வருகிற மெல்லிய ஒயரை எலி நறுக்கி வைத்திருந்தது. மண்டபத்தில் சோற்றுக்கா பஞ்சம், அதற்கு ஒயர்தான் ருசித்திருக்கிறது.

'டக்' கேட்கிறது, ஆனாலும் நகரவில்லையா? மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி செட்டின் கடைசி மைனஸில் வையுங்கள், சிவப்பை சொலினாய்டின் பெரிய போல்ட்களில் கன்ட்ரோலர் பக்கம் போகிறதில் வையுங்கள். பெடலை மிதிக்கும்போது முழு 48-ம் அங்கே நிற்க வேண்டும். மிதித்ததும் சடாரென்று விழுந்தால் சொலினாய்டுக்குள் செம்புத் தகடு கருகிவிட்டது, சத்தம் மட்டும்தான் வருகிறது, கரன்ட் போகவில்லை. மிதிக்காதபோது மட்டும் அளந்துவிட்டு "வோல்ட் இருக்கிறதே" என்று ஏமாறாதீர்கள், பெரிய போல்ட் இரண்டுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் பல வண்டியில் மாட்டியிருப்பார்கள், அது வழியாகக் கொஞ்சம் கசிந்து முழு வோல்ட் இருப்பது மாதிரிக் காட்டும்.

இதுவும் தேறிவிட்டால்தான் கன்ட்ரோலர், மோட்டார் பக்கம் போகலாம். அப்போதும் கழற்றாதீர்கள். நிறைய கன்ட்ரோலரில் ஒரு சின்ன விளக்கு இருக்கும், கோளாறு இருந்தால் இத்தனை தடவை என்று கணக்காகக் கண் சிமிட்டும். எண்ணி எழுதிக்கொண்டு, அந்த மாடலின் புத்தகத்தில் பாருங்கள், பெடல் சென்சாரா, சூடா, வோல்ட் குறைவா என்று அதுவே சொல்லிவிடும். உங்கள் ஆள் அதை எண்ணிப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் கோயிலில் வயதானவர்களுக்காக ஒரு பேட்டரி கார் ஓட்டுகிறோம். ரிவர்ஸ் போகிறது, முன்னால் போகவில்லை. ஒரு வாரமாகக் கோயில் வாசல் வரை ரிவர்ஸிலேயே ஓட்டுகிறோம் (சிரிக்காதீர்கள் ஐயா). மோட்டார் போய்விட்டதா?
— வாசகர், தென்காசி மாவட்டம்

சிரிக்கவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. பாட்டிகளை ஏற்றிக்கொண்டு ரிவர்ஸில் ஓட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

ஆனால் நீங்கள் பாதி வேலையை முடித்துவிட்டீர்கள் என்பதைக் கவனித்தீர்களா? ரிவர்ஸ் போகிறது என்றால் பேட்டரி, சொலினாய்டு, பெடல், மோட்டார் எல்லாம் தேறிவிட்டன. அதே பேட்டரிதான், அதே மோட்டார்தான் பின்னாலும் தள்ளுகிறது. மிச்சம் இருப்பது முன்-பின் ஸ்விட்ச்சில் 'முன்' பக்கத்து முனையும் அதிலிருந்து போகிற ஒரு ஒயரும்தான், ரொம்ப அபூர்வமாக கன்ட்ரோலர். டாஷ்போர்டில் உள்ள புது மாதிரி ஸ்விட்ச் என்றால் பின்னால் இருக்கிற கனெக்டரைக் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி சொருகிப் பாருங்கள், இல்லையென்றால் ஸ்விட்ச்சை மாற்றுங்கள். சீட்டுக்குக் கீழே கைப்பிடி வைத்துத் திருப்புகிற பழைய மாதிரி என்றால் அதற்குள் மோட்டார் கரன்ட் முழுதும் போகும், செம்பு முனைகள் கருகிக் குழி விழுந்திருக்கும். வண்டி நிற்பதற்கு முன்பே ரிவர்ஸைத் திருப்புகிற டிரைவர் இருந்தால் அந்த ஸ்விட்ச்சுக்கு ஆயுசு குறைவு.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். கோயில் வண்டி என்றால் காலையிலிருந்து பாட்டு போட்டிருப்பீர்கள். ஆம்ப்ளிஃபயருக்கு 12 வோல்ட் எங்கிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நாலு 12 வோல்ட் பேட்டரியில் ஓரத்தில் இருக்கிற ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்திருந்தால், அந்தப் பேட்டரி மற்ற மூன்றை விட தினமும் கூடுதலாக இறங்கும். சார்ஜரோ நாலையும் ஒரே வரிசையாக நினைத்துத்தான் ஏற்றும். சில மாதத்தில் அந்த ஒன்று மட்டும் செத்து மற்ற மூன்றையும் இழுத்துக்கொண்டு போகும். 48-ஐ 12 ஆக்குகிற கன்வெர்ட்டர் கடையில் கிடைக்கிறது, அதை மொத்த செட்டிலிருந்து மாட்டிவிட்டால் சாமி பாட்டு ராத்திரி வரை பாடட்டும்.

கேள்வி: கல்லூரி விடுமுறைக்கு முன்பு ஷெட்டில் நிறுத்திய வண்டி. இரண்டு மாதம் கழித்து எடுத்தால் நகரவில்லை. சரி என்று சார்ஜ் போட்டால் சார்ஜரும் வேலை செய்யவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் எப்படிப் போகும்?
— வாசகர், திருச்சி

இரண்டும் போகவில்லை. இந்த மாதிரி சார்ஜர்கள் பல, பேட்டரியில் குறைந்தபட்சம் ஒரு அளவு வோல்ட் இருந்தால்தான் வேலையைத் தொடங்கும், அதற்குக் கீழே இருந்தால் பேட்டரியே மாட்டவில்லை என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். ஈய பேட்டரி சும்மா நின்றாலும் இறங்கும், வெயிலில் இன்னும் வேகமாக. அதோடு கன்வெர்ட்டர், மீட்டர் என்று சில்லறைச் செலவு வேறு ஓடிக்கொண்டிருந்திருக்கும். திருச்சி ஏப்ரல், மே, தகர ஷெட். கேட்கவே வேண்டாம்.

முதலில் மூடியைத் திறந்து தண்ணீர் பாருங்கள். தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள், மேல் வரை நிரப்ப வேண்டாம், சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். பிறகு சாதாரண 12 வோல்ட் சார்ஜர் ஒன்றை வாங்கி, ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனியாகச் சில மணி நேரம் கொடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது, சார்ஜ் ஏறும்போது வருகிற ஹைட்ரஜன் காற்றில் நாலு சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். நாலும் 12-ஐத் தாண்டியதும் உங்கள் பழைய சார்ஜரைப் போடுங்கள், பெரும்பாலும் விழித்துக்கொள்ளும்.

முழுதாக ஏறி முடிந்த பிறகு அமிலத்தின் அடர்த்தியைக் காட்டுகிற ஹைட்ரோமீட்டரால் பேட்டரியின் ஒவ்வொரு அறையையும் (செல்) பாருங்கள். 1.265, 1.280 என்று வந்தால் பிழைத்தீர்கள். எல்லாம் அப்படி இருக்க ஒரு அறை மட்டும் 0.050-க்கு மேல் குறைவாக வந்தால் அந்தப் பேட்டரி முடிந்தது. காலியாகவே கிடக்கும்போது தகட்டில் சல்பேட் கெட்டிப்பட்டுவிடுகிறது, ஓரளவுக்கு மேல் அது கரையாது. செட் புதுசு என்றால் அந்த ஒன்றை மாற்றலாம், மூன்று நாலு வருடம் ஓடியது என்றால் நாலையும் சேர்த்து மாற்றுவதுதான் நல்லது, கிழட்டு மாட்டோடு கன்றைப் பூட்டினால் இரண்டும் கெடும். அடுத்த விடுமுறைக்கு வாட்ச்மேனிடம் சொல்லி மாதம் ஒருமுறை சார்ஜ் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: மகள் வீட்டுக்கு அமெரிக்கா வந்திருக்கிறேன், ஜார்ஜியாவில் பீச்ட்ரீ சிட்டி. இங்கே கடைக்கும் பள்ளிக்கும் கோல்ஃப் கார்ட்டில்தான் போகிறார்கள். மருமகன் பழைய 36 வோல்ட் வண்டி ஒன்று வாங்கியிருக்கிறார். 'டக்' சத்தம் வருகிறது, நகரவில்லை. பேரன் பின்னாலிருந்து லேசாகத் தள்ளினால் கிளம்பிவிடுகிறது!
— வாசகி

அம்மா, நீங்கள் இருக்கிற ஊரில் கோல்ஃப் கார்ட்டுக்கென்றே நூற்று அறுபது கிலோமீட்டர் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள், அதே மாநிலத்தின் அகஸ்டாவில்தான் உலகத்தின் இரண்டு பெரிய கோல்ஃப் கார்ட் கம்பெனிகள் இருக்கின்றன. உதிரி பாகத்துக்குப் பஞ்சமே இல்லை.

தள்ளினால் கிளம்புகிறது என்ற அந்த ஒரு வார்த்தையே போதும். கார்பன் பிரஷ். பழைய டிசி மோட்டாரில் சுற்றுகிற பாகத்துக்குக் கரன்ட் கொடுப்பது இந்தக் கரித்துண்டுகள்தான், ஸ்பிரிங் அவற்றைச் செம்பு வளையத்தின் மேல் அழுத்திப் பிடிக்கும். தேய்ந்து குட்டையாகிவிட்டால் சில இடத்தில் படும், சில இடத்தில் படாது. படாத இடத்தில் மோட்டார் நின்றுவிட்டால் கிளம்பாது, பேரன் தள்ளும்போது வளையம் கொஞ்சம் திரும்பி, பட்டுவிடுகிறது. செம்பு வளையத்திலேயே ஒரு பட்டை கருகியிருந்தாலும் இதே கதைதான். மோட்டாரைக் கழற்றி பிரஷ்ஷை மாற்றி, வளையத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். முதலில் பேட்டரி 38 வோல்ட் காட்டுகிறதா என்று மட்டும் மருமகனைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை பேரன் வண்டிக்குப் பின்னால் நிற்க வேண்டாம், முன்-பின் ஸ்விட்ச் தப்பாக இருந்தால் அவன் மேலேயே வந்துவிடும். புது வண்டிகளில் இருக்கிற ஏசி மோட்டாருக்கு பிரஷ் கிடையாது, இந்த வைத்தியம் அதற்குப் பொருந்தாது.

கேள்வி: ஊட்டிப் பக்கம் கோல்ஃப் மைதானத்தில் வண்டி ஓட்டுகிறேன். சமதளத்தில் நன்றாகப் போகிறது, மேட்டில் பாதியில் நின்றுவிடும். அஞ்சு நிமிஷம் கழித்து மறுபடி போகும்.
— வாசகர், நீலகிரி

ஒரு பேட்டரி ஏமாற்றுகிறது தம்பி. நிற்கும்போது அளந்தால் எல்லாம் ஒரே மாதிரி காட்டும், பிடிபடாது. பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, மேட்டில் ஏறும்போது ஒவ்வொரு பேட்டரியாக மீட்டர் முனைகளை மாட்டிப் பாருங்கள் (கையால் பிடிக்க வேண்டாம், கிளிப் போட்டு மாட்டுங்கள்). 12 வோல்ட் பேட்டரி மூன்றும் பதினொன்றரைக்கு மேல் நிற்க, ஒன்று மட்டும் 9-க்கு விழுந்தால் அதுதான் திருடன். எல்லாம் ஒரே மாதிரி இறங்கினால் மேட்டின் முடிவில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கேபிள் முனைக்கும் அருகில் புறங்கையைக் கொண்டு போங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்த லக் (கேபிள் முனையில் போல்ட்டில் மாட்டுகிற உலோக வளையம்) தளர்ந்திருக்கிறது, அல்லது வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். சோடா தண்ணீர் பேட்டரி மூடிக்குள் போய்விடக் கூடாது.

கேள்வி: டிஸ்டில்டு வாட்டருக்குப் பதில் ஆர்ஓ தண்ணீர் விடலாமா? ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர்?
— வாசகர், மதுரை

ஆர்ஓவில் உப்பு குறைவுதான், இல்லாமல் இல்லை. போதாததற்கு ருசிக்காக மினரல் வேறு சேர்க்கிறார்கள். வேண்டாம். ஏசி தண்ணீர் பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் தூசி படிந்த காயில் மேல் வழிந்து வருவது, உலோகத் துகளும் வரும். அஞ்சு லிட்டர் கேன் பேட்டரி கடையிலேயே கிடைக்கும், வாங்கி விடுங்கள், சார்ஜ் ஏறி முடிந்த பிறகு.